பீட்டர் கேப்ரியல்: முதலில் எந்த ஆல்பம்?

இங்கிலாந்து ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலை இதுவரை கேட்காத ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று விசாரித்தால், பெரும்பாலானோர் 1986-இல் வந்த 'ஸோ' ஆல்பத்தைத்தான் கைகாட்டுவார்கள். நல்ல ஆல்பம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கேட்டவர்களில் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஆட்டம் போட வைக்கும் ஒரு பாட்டு, உருக்கமான ஒரு டூயட், 'நன்றாகப் பாடுகிறார்' என்று ஓர் அபிப்பிராயம், அப்புறம் அடுத்த பாடகரிடம் போய்விடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அவர் ஏன் இவ்வளவு முக்கியமானவர் என்பது அந்த ஒரு ஆல்பத்தில் பாதிதான் தெரியும். நான் சொல்வது 1980-இல் வந்த மூன்றாவது ஆல்பம். ஏன் என்று சொல்ல, மற்றவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சார்ட்டர்ஹவுஸ் என்ற இங்கிலாந்துப் பள்ளியில் படித்த பையன்கள் 1967-இல் அமைத்த பேண்டுதான் ஜெனிஸிஸ். அதன் பாடகர் கேப்ரியல். மேடையில் நரித் தலையும் சிவப்புக் கவுனும் போட்டுக்கொண்டு வருவார், பூ வேஷம் கட்டுவார், அடையாளமே தெரியாத முகமூடிகளில் நின்று பாடுவார். பாட்டுகள் இருபது நிமிஷம் கூடப் போகும். 1974-இல் ஒரு இரட்டை ஆல்பம் போட்டு, அதற்கான சுற்றுப்பயணத்தை முடித்துவிட்டு, 1975-இல் பேண்டை விட்டு விலகினார். புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. பின்னால் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் முன்னால் வந்து பாட ஆரம்பித்தார், ஜெனிஸிஸ் முன்னைவிடப் பெரிய பேண்டாக ஆனது.

கேப்ரியலின் தனி ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் ஒன்று புலப்படும். அவருடைய சிறந்த ஆல்பங்கள் ஒவ்வொன்றிலும், கைவசம் இருக்கும் ஏதோ ஒரு வசதியை வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார். அந்த இடத்தை நிரப்ப வேறு எதையாவது கண்டுபிடித்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் தன்னை நிறுத்திக்கொள்வார். எந்த ஆல்பத்தில் தொடங்குவது என்பதை நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதல் நான்கு ஆல்பங்களுக்குத் தலைப்பே கிடையாது. நான்குமே 'பீட்டர் கேப்ரியல்'தான், ஒரு பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்கள் வருவதைப் போல. அட்டைப் படத்தை வைத்து ரசிகர்கள் முதல் மூன்றுக்கும் 'கார்', 'ஸ்கிராட்ச்', 'மெல்ட்' என்று பெயர் வைத்தார்கள். நான்காவதுக்கு அமெரிக்க நிறுவனம் 'செக்யூரிட்டி' என்று பெயர் ஒட்டியது. ஆப்களில் தேடும்போது எண்ணையும் இந்தப் பெயரையும் சேர்த்துத் தேடினால் குழப்பம் வராது.

1977-இல் வந்த 'கார்' ஆல்பத்தை பாப் எஸ்ரின் தயாரித்தார். அதில் 'சால்ஸ்பரி ஹில்' என்ற ஒரே பாட்டுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் அதை எடுப்பேன். இங்கிலாந்தின் பாத் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குன்றின் பெயர் அது. பேண்டை விட்டு வந்ததைப் பற்றிய பாட்டு. ஏழு எண்ணிக்கையில் ஓடும், ஆனால் ஏழு என்றே தோன்றாது. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுகளுக்கு விரலால் எண்ணிப் பார்க்கும் சுகமும் கிடைக்கும். மற்றபடி ஆல்பம் நாலா பக்கமும் இழுக்கிறது. ஒரு பாட்டில் வாத்தியமில்லாத கூட்டுக்குரல், இன்னொன்றில் ப்ளூஸ், இன்னொன்றில் சிம்ஃபனி இசைக்குழு. தனக்கு எது பொருந்தும் என்று அவரே தேடிக்கொண்டிருந்த காலம். ராபர்ட் ஃப்ரிப் தயாரித்த இரண்டாவது ஆல்பம் 1978-இல் வந்தது. காய்ந்த, இறுக்கமான சத்தம். இந்த இரண்டையும் பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது மூன்றாவது. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பதிவு ஹியூ பேட்ஜம். இதில் கேப்ரியல் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ட்ரம்ஸில் சிம்பல் என்ற உலோகத் தட்டு கூடாது. ராக் இசையில் ட்ரம்ஸ் வாசிப்பவரின் வலது கை பெரும்பாலும் சிம்பலில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டின் மேல்பகுதி முழுவதையும் அந்த உலோகச் சத்தம் மூடி வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் மேலே பெரிய வெற்றிடம் உண்டாகும். அதே சமயம் லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் இன்னொன்று நடந்தது. ட்ரம்ஸ் அறையில் இருப்பவர் பேசுவதைக் கேட்பதற்காக மேலே ஒரு மைக் வைத்திருப்பார்கள். சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கி, பெரிய சத்தத்தை அமுக்கிக் காட்டும் மைக் அது. ஃபில் காலின்ஸ் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்திருக்க, அறையின் எதிரொலி மொத்தமும் பூதாகாரமாக வந்து விழுந்தது. அந்த எதிரொலி தானாகத் தேய்ந்து அடங்குவதற்கு முன்பே கத்தரித்தாற்போல வெட்டிவிட்டார்கள். சிம்பல் இருந்திருந்தால் இந்த வித்தை எடுபட்டிருக்காது, அதன் ரீங்காரம் எல்லாவற்றையும் குழப்பியிருக்கும்.

முதல் பாட்டான 'இன்ட்ரூடர்' இந்தச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஹெட்போனில் கேளுங்கள். ஓர் அடி விழும், பெரிய கல் மண்டபத்தில் அடித்தாற்போல விரியும், உடனே சுத்தமான நிசப்தம். அடுத்த அடி. இதற்கு நடுவே கிறீச்சென்று ஏதோ உரசுகிறது. இரவில் வீடு புகுந்தவனின் குரலில் கேப்ரியல் பாடுகிறார். கத்தவே இல்லை, காதோரம் பேசுகிற மாதிரிதான். ஒவ்வோர் அடிக்கும் பிறகு வரும் அந்த நிசப்தம்தான் பயத்தைக் கிளப்புகிறது. அடுத்த ஆண்டு ஃபில் காலின்ஸ் இதே சத்தத்தைத் தன் முதல் தனிப் பாட்டில் கொண்டுபோனார், அங்கிருந்து எண்பதுகள் முழுக்க எல்லோரும் இதையே பின்பற்றினார்கள். மற்றவர்களிடம் அது வெறும் பிரம்மாண்டமாக நின்றுவிட்டது. இங்கே அந்தச் சத்தத்துக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது.

ஆல்பம் முழுக்க இப்படித்தான், ஒவ்வொரு பாட்டும் ஒருவனின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு பாடப்படுகிறது. 'ஃபேமிலி ஸ்னாப்ஷாட்' ஓர் அரசியல் தலைவரைச் சுடக் காத்திருப்பவனின் குரல். ஊர்வலம் நெருங்க நெருங்க இசையும் வேகம் பிடிக்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது, பிறகு எல்லாம் அடங்கி, தனியாக விடப்பட்ட ஒரு சின்னப் பையனிடம் வந்து பாட்டு நிற்கிறது. அவன் செய்ததைப் பாட்டு நியாயப்படுத்தவில்லை. அவனைப் பூதமாகக் காட்டவும் இல்லை. 'கேம்ஸ் விதவுட் ஃபிரான்டியர்ஸ்' நாடுகளின் சண்டையைக் குழந்தைகளின் விளையாட்டாக்குகிறது. அதில் பிரெஞ்சு வரியைப் பாடுவது இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ்.

கடைசிப் பாட்டு 'பீகோ'. தென்னாப்பிரிக்காவின் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டீவ் பீகோ 1977 செப்டம்பர் 12-ஆம் தேதி, முப்பது வயதில், போலீஸ் காவலில் இறந்தார். பாட்டு ஓர் இறுதிச் சடங்கில் மக்கள் பாடும் பாட்டின் ஒலிப்பதிவோடு தொடங்குகிறது. பிறகு கனமான ஒரு ட்ரம், மாறாத ஒரு கிட்டார் நாதம். முதல் வரிகள் போலீஸ் டைரி மாதிரி இருக்கும்: மாதம், ஊர், வானிலை. உணர்ச்சி இல்லாத அந்தக் குறிப்பு நடையிலிருந்து மெல்ல மெல்ல அழுகைக்கு வருகிறது, ஏழு நிமிஷத்துக்கும் மேல். இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவின் துக்கத்தைப் பாடுவது எளிதில் பாசாங்காகிவிடும். இது அப்படி ஆகாததற்குக் காரணம், தன் குரலை அவர் பின்னால் வைத்திருப்பதுதான். முடிவிலும் அந்த மக்களின் குரலே திரும்ப வருகிறது. தென்னாப்பிரிக்க அரசு இந்தப் பாட்டைத் தடை செய்தது. ஆல்பத்தைக் கேட்ட அமெரிக்காவின் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிடவே மறுத்தது, மெர்குரி நிறுவனம் வாங்கி வெளியிட்டது. இங்கிலாந்தில் ஆல்பம் முதல் இடத்துக்குப் போனது.

1982-இல் வந்த நான்காவது ஆல்பம் இதன் தம்பி. சிம்பல் போன இடத்தை இங்கே சாம்ப்ளர் பிடித்துக்கொள்கிறது. காயலான் கடையில் புகுந்து குழாயை ஊதியும் கண்ணாடியை உடைத்தும் சத்தங்களைப் பதிந்து, ஃபேர்லைட் என்ற கருவியில் ஏற்றி, அவற்றையே வாத்தியமாக வாசித்தார்கள். 'சான் ஹசின்டோ' என்ற பாட்டு மட்டும் போதும், இந்த ஆல்பத்தை வைத்துக்கொள்ள. ஆனால் முதலில் கேட்பவருக்கு இது அடர்த்தி அதிகம். மூன்றாவது பிடித்தவர் இங்கே தானாக வந்து சேருவார். இன்னொரு தகவல்: மூன்றையும் நான்கையும் முழுக்க ஜெர்மனில் திரும்பப் பாடித் தனி ஆல்பங்களாக வெளியிட்டிருக்கிறார். ஆங்கிலம் பழகிய பிறகு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அதே மெட்டுகள் இன்னும் கடினமாக ஒலிக்கும்.

அப்புறம் 'ஸோ'. கனடாக்காரர் டேனியல் லனுவாவோடு சேர்ந்து செய்தது. இதில் எதையும் ஒதுக்கவில்லை. தலைப்பு வந்தது, சிம்பல் வந்தது, காதல் வந்தது. பதினாறு வயதில் லண்டனில் அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் பாடியதை நேரில் கேட்டவர் கேப்ரியல். அந்த ரெட்டிங்கோடு வாசித்த ட்ரம்பெட்காரர் வெய்ன் ஜாக்ஸனையே கூப்பிட்டு 'ஸ்லெட்ஜ்ஹாமர்' பாட்டில் வாசிக்க வைத்தார். அமெரிக்காவில் முதல் இடத்துக்கு அந்தப் பாட்டு வந்தபோது அது கீழே இறக்கியது ஜெனிஸிஸ் பாட்டை. களிமண் பொம்மை அனிமேஷன் செய்யும் ஆர்ட்மேன் குழுவும் சேர்ந்து உருவாக்கிய அதன் வீடியோ 1987-இல் எம்டிவி விருதுகள் ஒன்பதை வாங்கியது.

ஆனால் 'ஸோ'வின் உயிர் வேறு இரண்டு பாட்டுகளில் இருக்கிறது. 'டோன்ட் கிவ் அப்' வேலை போனவனின் பாட்டு. அவன் தளர்ந்து பேசுவான், கேட் புஷ் தேற்றுவார். பாட்டின் பின்பகுதியில் பேஸ் கிட்டார் திடீரென்று மொத்தையாக, மூடிய சத்தமாக மாறும். வாசிக்கும் டோனி லெவின் தன் குழந்தையின் டயப்பரை மடித்துத் தந்திகளுக்கு அடியில் சொருகியிருந்தார். இன்னொன்று 'மெர்ஸி ஸ்ட்ரீட்', கவிஞர் ஆன் செக்ஸ்டனை நினைத்து எழுதியது. கேப்ரியலின் குரலுக்கு அடியில் ஒரு ஸ்தாயி கீழே அதே குரல் நிழலாகக் கூடவே வரும். முதல் கேட்பில் தெரியாது. தெரிந்துவிட்டால் அப்புறம் அது ஒன்றுதான் கேட்கும்.

அப்படியானால் ஏன் 'ஸோ' முதலில் வேண்டாம்? அது உங்களை உட்கார வைத்து உபசரிக்கிற ஆல்பம். ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாக நன்றாக இருக்கிறது, அதனாலேயே பிடித்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடிகிறது. மூன்றாவதில் அது முடியாது. 'இன்ட்ரூடர்' பாட்டைக் கேட்டவருக்கு, இந்த ஆள் அடுத்து என்ன செய்வார் என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியோடு 'ஸோ'வுக்கு வருகிறவருக்கு 'மெர்ஸி ஸ்ட்ரீட்' உடனே பிடிபடும். நேராக வருகிறவர் அதைத் தாண்டிப் போய்விட வாய்ப்பு அதிகம்.

நம் ஊர்க் கேட்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வாசலும் உண்டு, அதை நான் மனதாரச் சொல்வேன்: 1989-இன் 'பேஷன்'. மார்ட்டின் ஸ்கார்சேஸியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' படத்துக்குச் செய்த இசை. இங்கே அவர் ஒதுக்கியது வார்த்தைகளை. பாடகராகப் பேர் வாங்கியவர் பாட்டு வரியே இல்லாத ஒரு மணி நேர ஆல்பம் செய்கிறார். துதுக் என்ற ஆர்மீனிய ஊதுகுழல், எகிப்திய தாளம், செனகலின் யூஸு என்டூர் குரல், பாகிஸ்தானின் நுஸ்ரத் ஃபதே அலி கான் குரல். அதோடு பல ட்ராக்குகளில் எல். சங்கரின் இரட்டை வயலின். இசையமைப்பாளர் எல். வைத்தியநாதன், வயலின் மேதை எல். சுப்ரமணியம் ஆகியோரின் தம்பி, 'சக்தி' குழுவில் ஜான் மெக்லாஃப்லினோடு வாசித்தவர், அதே சங்கர்தான். பத்துத் தந்தி கொண்ட அந்த வயலினின் கமகம் துதுக்கோடு இழையும்போது, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. ஆங்கில வரிகள் காதில் ஏறாது என்பவர்களும், பின்னணி இசையைத் தனியாக உட்கார்ந்து ரசிப்பவர்களும் தயங்காமல் இதிலேயே தொடங்கலாம். கேப்ரியல் ஆரம்பித்த ரியல் வேர்ல்ட் நிறுவனத்தின் முதல் வெளியீடு இதுதான். பின்னால் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸின் 'ராம ஸ்ரீராம'வும், மைக்கேல் புரூக்கோடு அவர் வாசித்த 'ட்ரீம்' ஆல்பமும் அதே நிறுவனத்தில் வந்தன.

லைவ் விரும்புபவர்களுக்கு 'சீக்ரெட் வேர்ல்ட் லைவ்'. 1993-இல் இத்தாலியின் மொடீனாவில் பதிவானது, 1994-இல் வெளியானது. சங்கர் இதிலும் இருக்கிறார், மேடையிலேயே வயலினோடும் குரலோடும். வீடியோவாகவும் கிடைக்கிறது. 1992-இன் 'அஸ்' ஆல்பத்துப் பாட்டுகள் ஸ்டுடியோ பதிவைவிட இங்கே மூச்சு விடுகின்றன என்பது என் எண்ணம். 'அஸ்' மணமுறிவுக்கும் மனச்சிகிச்சைக்கும் பிறகு எழுதியது, ஒவ்வொரு பாட்டிலும் அடுக்கடுக்காகச் சத்தம். ஷினேட் ஓ'கானர் கூடப் பாடிய 'பிளட் ஆஃப் ஈடன்' மட்டும் ஸ்டுடியோ வடிவிலேயே கேட்க வேண்டியது.

2002-இன் 'அப்' இருட்டான, நீளமான ஆல்பம். சாவைப் பற்றியே சுற்றிச் சுற்றி வருகிறது. 'சிக்னல் டு நாய்ஸ்' பாட்டில், 1997-இல் காலமாகிவிட்ட நுஸ்ரத்தின் குரல் எழும்பும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் இதில் தொடங்க வேண்டாம். மற்றவர்களின் பாட்டுகளை ட்ரம்ஸும் கிட்டாரும் இல்லாமல் இசைக்குழுவோடு மட்டும் பாடிய 2010 ஆல்பத்திலும் வேண்டாம். எண்ணம் நல்லது, கேட்கக் கொஞ்சம் ஒரே சீராக இருக்கிறது.

புதிதாக வந்ததைக் கேட்கலாமே என்று நினைப்பவருக்கு 'ஐ/ஓ' இருக்கிறது. 2023-இல் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாட்டாக வெளியிட்டு, டிசம்பர் 1-ஆம் தேதி முழு ஆல்பமாக வந்தது. புதுப் பாட்டுகளின் ஆல்பம் என்று பார்த்தால் 'அப்'புக்குப் பிறகு 21 வருஷம். இங்கே ஒதுக்கியது ஒன்றுமில்லை, முடிவெடுப்பதையே நம்மிடம் விட்டுவிட்டார். அதே பன்னிரண்டு பாட்டுகள், ஸ்பைக் ஸ்டென்ட் செய்த 'பிரைட் சைடு' மிக்ஸ், சாட் பிளேக் செய்த 'டார்க் சைடு' மிக்ஸ் என இரண்டாகக் கிடைக்கும். அட்மாஸ் என்ற சுற்றொலி வசதி உள்ளவர்களுக்கு மூன்றாவது மிக்ஸும் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவரின் குரல் இவ்வளவு பத்திரமாக இருப்பதே ஆச்சரியம். 'பிளேயிங் ஃபார் டைம்', அம்மாவை நினைத்து எழுதிய 'அண்ட் ஸ்டில்' இரண்டும் அவருடைய சிறந்த பாட்டுகளின் வரிசையில் நிற்கும். எந்த மிக்ஸ் என்றால் டார்க் சைடு. பிரைட் சைடு எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக்கி வைக்கிறது, அவர் குரலுக்கு அந்தச் சொரசொரப்பு வேண்டும்.

தொகுப்பு ஆல்பம் ஒன்றும் இருக்கிறது, 1990-இன் 'ஷேக்கிங் தி ட்ரீ'. காரில் போட்டுக்கொண்டு போக நல்லது. முதல் ஆல்பத்தில் ஏகப்பட்ட வாத்தியங்களுக்கு நடுவே மூச்சுத் திணறிய 'ஹியர் கம்ஸ் தி ஃபிளட்' பாட்டை இதற்காகத் திரும்ப எளிமையாகப் பாடியிருக்கிறார். அதற்காகவே ஒருமுறை கேட்க வேண்டும். ஆனால் அறிமுகத்துக்கு வேண்டாம், மூன்றாவது ஆல்பத்துப் பாட்டுகள் மற்றவற்றோடு கலந்து வரும்போது அந்த இருட்டு கலைந்துவிடுகிறது.

காசு கொடுத்து வினைல் இசைத்தட்டு வாங்குபவருக்கு ஒரு விஷயம். 'ஸோ'வில் 'இன் யுவர் ஐஸ்' பாட்டைக் கடைசியில் வைக்கத்தான் கேப்ரியல் விரும்பினார். பழைய எல்பியில் தட்டின் மையத்தை ஒட்டிய பள்ளங்களில் கனமான பேஸ் சரியாகப் பதியாது என்பதால் அதை இரண்டாம் பக்கத்தின் ஆரம்பத்துக்கு நகர்த்தினார்கள். பிற்கால மறுபதிப்புகளில் அது கடைசியில் இருக்கிறது. யூஸு என்டூரின் குரலோடு ஆல்பம் முடிவதுதான் சரி, அதனால் புதிய பதிப்பையே வாங்குங்கள். இந்த ஊரில் இறக்குமதி வினைலின் விலைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மூன்றாவதை வாங்குங்கள். ட்ரம்ஸ் சத்தத்துக்காகவே ஸ்பீக்கரில் கேட்க வேண்டிய ஆல்பம் அது. 'பேஷன்' ஹெட்போனுக்கும் நன்றாகவே இருக்கும், ஆப்பில் கேட்டால் போதும்.

ஆக, என் வரிசை: மூன்றாவது, பிறகு 'ஸோ', அப்புறம் 'பேஷன்', அதற்கடுத்து 'சீக்ரெட் வேர்ல்ட் லைவ்'. வரி புரியாவிட்டால் பரவாயில்லை, இசைதான் வேண்டும் என்பவர் 'பேஷன்' ஆல்பத்தை முதலுக்குக் கொண்டுவரலாம். மூன்றாவதைக் கேட்கும்போது ஷஃபிளை அணைத்துவிடுங்கள். 'பீகோ' பாட்டைத் தனியாக எடுத்துக் கேட்பவர்கள் உண்டு, முதல் தடவை மட்டுமாவது அப்படி வேண்டாம். அதற்கு முன்னால் ஒன்பது பாட்டுகளிலும் பூட்டிய மனங்களுக்குள்ளேயே இருந்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தால்தான், அந்தக் கூட்டத்தின் குரல் கேட்க வேண்டிய விதத்தில் கேட்கும்.